கட்டிளம் பருவத்தினரின் மாயப் புனைகதையும் ஒரு நாவலாசிரியையின் வளர்ச்சியும்

கட்டிளம் பருவத்தினருக்கென எழுதப்படும் மாயப் புனைகதைகளை இலக்கிய விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. மந்திரவாதியும் டிராகனும் வரும் கதை குழந்தைகளுக்கு உரியது, ஆகவே அதனைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று கருதுவோர் பலர். சமுதாய நோக்குடைய எழுத்தை வேண்டி நிற்போரிடத்தும் இவ்வலட்சியம் உண்டு. அவர்கள் காட்டும் காரணம் மட்டுமே வேறு. யதார்த்தத்தைச் சித்திரிப்பதே எழுத்தாளன் கடன். இல்லாத தீவுகளையும் நடவாத சம்பவங்களையும் கூறுவது வாசகனை வாழ்விலிருந்து அப்பாற்படுத்தும் என்பது அவர்தம் வாதம். இரு சாராரும் வெவ்வேறு வழியாகச் சென்று ஒரே இடத்தை அடைகின்றனர். நம் இளைஞர் எதை வாசிக்கின்றனர் என்னும் வினாவைச் சந்தையிடம் ஒப்படைத்துவிடுகின்றனர்.

சந்தையோ இவ்வினாவை ஒருபோதும் அலட்சியப்படுத்தியதில்லை. 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஹரி பொட்டர் நாவல்கள் ஏழும் உலகெங்கும் பெற்ற வரவேற்பின் பின்னர், இத்துறையில் ஒரு வெற்றி கண்டதும் அதே அச்சில் பத்து நூல்களை வார்த்துவிடும் முயற்சி இடைவிடாது நிகழ்ந்து வருகிறது. தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு சிறுவன் அல்லது சிறுமி, மறைந்திருந்த ஆற்றல், கொடுங்கோலன் ஒருவன், மூன்று பாகங்கள் என்னும் வாய்பாட்டை வாசகர் அறிவர். இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. இவ்விலக்கிய வடிவத்தில் எழுதும் ஒருவர் எழுத்தாளராக வளர்தல் இயலுமா? அன்றி இவ்வடிவமே ஆசிரியரையும் வாசகரையும் ஒருங்கே பாலப்பருவத்தில் நிறுத்திவிடுமா? இதனைப் பொதுப்படையாக விவாதிப்பதைவிட, ஒரு நாவலாசிரியையின் எழுத்துப் பணியை முன்வைத்து ஆராய்வது பயன்தரும் என எண்ணுகிறோம்.

அமெரிக்க நாவலாசிரியை ஊர்சுலா லெ குவின் அம்மையார் 1929ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியிற் பிறந்து 2018இற் காலமானவர். தந்தையார் அல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். தாயார் தியடோரா குரோபர், வெள்ளையரின் குடியேற்றத்தால் அழிக்கப்பட்ட யாகி என்னும் பழங்குடியின் இறுதி மனிதராகிய இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக எழுதியவர். ஒரு பண்பாடு எவ்வாறு இயங்குகிறது, அதன் பெயர்களும் பாடல்களும் சடங்குகளும் வாழ்க்கைத் தேவைகளோடு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன, மற்றொரு சமூகத்தின் பேராசையால் அது எவ்வாறு அழிகின்றது என்பவை அவர் வளர்ந்த வீட்டிற் பேசப்பட்ட விடயங்கள். பிற்காலத்தில் அவர் படைத்த கற்பனை உலகங்களில் வெறும் அலங்காரத்துக்காக நிற்கும் பொருள்கள் அரிதாக இருப்பதற்கு இப்பின்னணி ஒரு காரணமாகும்.

1964ஆம் ஆண்டு சஞ்சிகையொன்றில் வெளியான இரு சிறுகதைகளில், மந்திரத்தாற் பிணைக்கப்பட்ட ஒரு தீவுக்கூட்டத்தை அவர் முதன்முதலிற் குறித்தார். 1967இற் பெர்க்லியிலிருந்த சிறிய பதிப்பகமொன்று, வயது சற்று முதிர்ந்த சிறுவர்க்காக ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டது. அவ்வேண்டுகோளின் விளைவே 1968இல் வெளிவந்த 'எர்த்சீயின் மந்திரவாதி'. பழங்கதைகளில் மந்திரவாதிகள் எப்போதும் நரைத்த தாடியுடைய கிழவர்களாகவே வருகின்றனர். அவர்கள் இளைஞராக இருந்தபோது எவ்வாறு கற்றனர், யாரிடம் கற்றனர் என்ற எளிய வினாவே அவரது தொடக்கம். மந்திரம் கற்பிக்கும் பாடசாலை என்னும் கருத்து ஹரி பொட்டருக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முன்னரே இந்நூலில் விரிவாக இடம்பெற்றது.

கதைத் தலைவனாகிய கெட், கோண்ட் என்னும் மலைத்தீவில் வெண்கலக் கொல்லன் ஒருவனின் மகன், தாயை இழந்தவன், ஆடு மேய்த்தவன். அவனுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்பித்தவள் அவனது சிற்றன்னையாகிய கிராமத்துச் சூனியக்காரி. ரோக் தீவின் பாடசாலையிற் கற்கும்போது, செருக்கினாலும் சக மாணவன் ஒருவன்மீது கொண்ட பகையினாலும் தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வித்தையைச் செய்து ஒரு நிழலை உலகில் அவிழ்த்து விடுகிறான். அந்நிழலிடமிருந்து ஓடி, பின் அதனையே துரத்திச் சென்று, ஈற்றில் அதனைத் தன் பெயராலேயே அழைத்துத் தன்னோடு ஒன்றாக்குகிறான். பகைவனை வெட்டி வீழ்த்தும் போர் இல்லை. படைகள் மோதும் களமும் இல்லை. இளம் வாசகனிடம், உன் தீமைக்குப் பொறுப்பாளி நீயே என்று இந்நாவல் கூறுகின்றது.

இதனினும் முக்கியமான ஒன்றை இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். கெட் செம்புநிறத் தோலுடையவன். அவனது உற்ற தோழன் கறுப்பு நிறத்தவன். தீவுக்கூட்டத்து மக்களிற் பெரும்பாலோர் இவ்வாறே நிறமுடையவர்கள். வெண்ணிறத் தோலும் பொன்னிறத் தலைமயிரும் உடையோர் கார்காட் தீவினர். நூலின் தொடக்கத்திற் கொள்ளையடிக்க வரும் படையெடுப்பாளர் அவர்களே. வீரன் என்றால் வெள்ளையன் என்பது கேள்விக்கிடமின்றி ஏற்கப்பட்டிருந்த ஒரு நாட்டில், 1968இல், ஆசிரியை இதனைப் பறைசாற்றாது கதையின் போக்கிற் பொதிந்து வைத்தார். வாசகன் கெட்டைத் தன் உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட பின்னரே அவன் நிறத்தை அறிகிறான். ஆயினும் பதிப்பாளரும் படத் தயாரிப்பாளரும் வாசகனை அவ்வாறு நம்பவில்லை. பிற்பட்ட பதிப்புகள் பலவற்றின் அட்டைகளில் கெட் வெள்ளையனானான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான தொடர்நாடகத்திலும் அவன் வெள்ளையனாகவே தோன்றினான். லெ குவின் அம்மையார் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். மாயப் புனைகதையில் அரசியல் இல்லை என்போர் இவ்வொரு நிகழ்ச்சியையேனும் சிந்திப்பாராக. அரசியல் இல்லையெனில் ஒரு கற்பனைச் சிறுவனின் தோல்நிறத்தை மாற்ற இத்தனை முயற்சி எதற்கு?

எனினும் முதல் நூலின் குறையையும் மறைத்தல் தகாது. நிறம் பற்றிய மரபை எதிர்த்த ஆசிரியை, பால் பற்றிய மரபை அப்படியே ஏற்றுக்கொண்டார். ரோக் பாடசாலையிற் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று பழிக்கும் பழமொழிகள் அத்தீவுகளில் வழங்குகின்றன. ஆசிரியையும் அவற்றை அப்போது விசாரணைக்கு உட்படுத்தவில்லை. ஆற்றல், அறிவு, பெயரிடும் உரிமை யாவும் ஆடவரிடமே. பெண்ணாகிய அவர் எழுதியும் இவ்வாறாயிற்று என்பது, ஓர் இலக்கிய மரபின் பிடி எத்துணை வலியது என்பதற்குச் சான்று.

1971இல் நூலுருப் பெற்ற 'அற்றுவானின் கல்லறைகள்' ஒரு பெண்ணை நடுவில் நிறுத்துகின்றது. ஐந்து வயதிற் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, இருண்ட தெய்வங்களின் பூசாரிணியாக்கப்படும் தெனார் என்னும் சிறுமியின் கதை அது. அவளை ஆளும் அதிகாரம், அவளுக்கே பெரும் அதிகாரம் இருப்பதாக நம்பவைத்து அவளை அடக்குகின்றது. நிறுவனமொன்று தன் அடிமைக்குக் கிரீடம் சூட்டி ஏமாற்றும் விதத்தை இதனிலும் தெளிவாக இளைஞருக்கு விளக்கிய நூல்கள் சிலவே. ஆயினும் அவளை வெளியே அழைத்துச் செல்ல ஒரு கெட் வரவேண்டியிருந்தது. 1972இன் 'அதிதூரக் கரை'யில் மந்திரம் உலகிலிருந்து வடிந்துபோகின்றது. சாவை வெல்ல முயன்ற ஒருவனின் பேராசையே அதற்குக் காரணம். கெட் தன் ஆற்றல் அனைத்தையும் செலவிட்டு அவ்வெடிப்பை மூடுகிறான். இளவரசன் அரியணை ஏறுகிறான். இந்நூலுக்கு 1973இல் அமெரிக்காவின் தேசிய நூற் பரிசு சிறுவர் இலக்கியப் பிரிவிற் கிடைத்தது. முப்பாகக் கதை முழுமை பெற்றதென யாவரும் கருதினர்.

வாய்பாடு வேண்டி நின்றது இதனையே. உரிய அரசன் உரிய ஆசனத்தில் அமர்ந்தான், நாடு நலம்பெற்றது, நூலை மூடலாம். ஆனால் அரசன் அமர்ந்ததும் ஆடு மேய்ப்பவளின் வாழ்வில் என்ன மாறிற்று? இவ்வினாவுக்கு விடை எழுத அம்மையாருக்குப் பதினெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. நான்காம் நூல் ஒன்று வேண்டுமென முன்னரே உணர்ந்தும் எழுத இயலாதிருந்ததை அவரே கூறியுள்ளார். இடைப்பட்ட காலத்திற் பெண் விடுதலை இயக்கம் அமெரிக்கச் சிந்தனையை உலுக்கியது. உடைமையற்ற சமுதாயமொன்றின் நிறைகுறைகளை ஆராயும் 'உடைமையற்றோர்' என்ற நாவலை அவர் 1974இல் எழுதினார். தம் முன்னைய மூன்று நூல்களும் வீரம் என்பதை ஆண்மைக்கே உரியதாக்கிய மரபுக்குள் நின்று எழுதப்பட்டவை என்பதை 1992இல் ஒக்ஸ்போட்டில் நிகழ்த்திய சொற்பொழிவில் வெளிப்படையாகவே ஆராய்ந்தார். ஆசிரியை ஒருவர் தம் புகழ்பெற்ற நூல்களைத் தாமே விமர்சகர் நிலையில் நின்று நோக்குவது இலக்கிய உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

அந்நோக்கின் பயனே 1990இல் வெளிவந்த 'தெஹானு'. கல்லறைகளிலிருந்து மீண்ட தெனார் இப்போது நடுவயது கடந்த விதவை; கமக்காரன் ஒருவனின் மனைவியாக வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றவள். தந்தையும் அவன் கூட்டாளிகளும் வதைத்துத் தீயில் தள்ளிய ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். ஆற்றல் அனைத்தையும் இழந்த கெட், வெட்கத்தோடு ஊர் திரும்பி மீண்டும் ஆடு மேய்க்கிறான். பால் கறத்தல், நூல் நூற்றல், பாத்திரம் கழுவுதல் என்பவற்றோடு கதை நகர்கின்றது. கடலோடப் போயிருந்த மகன் திரும்பி வந்ததும், அவள் இத்தனை ஆண்டு உழைத்த கமம் சட்டப்படி அவனுடையதாகின்றது. உண்ட பாத்திரத்தைக் கழுவுவது பெண்ணின் வேலையென அவன் இருந்துவிடுகிறான். அரசன் நல்லவன்தான், ஆனால் அவனது நல்லாட்சி இவ்வீட்டின் வாசலைத் தாண்டவில்லை.

இந்நூல் பழைய வாசகர் பலருக்கு ஏமாற்றமளித்தது. கொள்கைக்காகக் கதையைப் பலியிட்டார், வீரனை அவமதித்தார் என்றனர். நாம் இக்கூற்றை ஏற்பதற்கில்லை. வீரன் வெல்லும்வரை கதையென்றும், வென்ற பின் பாத்திரம் கழுவுவது யார் எனக் கேட்டாற் கொள்கையென்றும் பிரிப்பது எவ்வகை அளவுகோல்? எனினும் உண்மையான குறையொன்று உண்டு. பகைவரின் பிடியில் தெனாரும் கெட்டும் செயலற்று நிற்கையில் டிராகன் வானிலிருந்து வந்து அவர்களை மீட்கின்றது. மனிதர் இழைத்த கொடுமையை நுணுக்கமாகக் காட்டிய நாவல், அதன் தீர்வை மனிதரிடமிருந்து எடுத்துவிடுகின்றது. அநீதியை அறிந்த அளவுக்கு அதனை மாற்றும் வழியை அம்மையார் அவ்வேளையிற் கண்டிலர்.

2001இல் வெளியான இரு நூல்களில் அவ்வழியைத் தேடினார். 'எர்த்சீக் கதைகள்' என்ற தொகுதியிலுள்ள நெடுங்கதையொன்று, ரோக் பாடசாலையைத் தொடக்கத்தில் நிறுவியோருட் பெண்களும் இருந்தனர் எனவும், பின்னரே அவர்கள் விலக்கப்பட்டனர் எனவும் காட்டுகின்றது. பெண்கள் கற்கலாகாது என்பது இயற்கையின் விதியன்று. வரலாற்றில் ஒரு காலத்திற் சிலர் செய்த ஏற்பாடு. செய்யப்பட்டது எதுவும் மாற்றப்படக் கூடியதே. இச்சிந்தனையைக் கட்டிளம் பருவத்து வாசகர் கதையின் வழியே பெறுவது சிறு விடயமன்று. 'மற்றைக் காற்று' என்னும் இறுதி நாவலில் உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடும் ஏழை மந்திரக்காரன் ஒருவனின் கனவிலிருந்து கதை தொடங்குகின்றது. மரித்தோர் வாழும் வறண்ட நாடு, மந்திரவாதிகளின் முன்னோர் சாகாவரம் வேண்டி டிராகன்களுக்குரிய நிலத்தைக் கவர்ந்ததன் விளைவு என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. முதல் நூலில் உயர்ந்த கலையாகத் தோன்றிய மந்திரத்தின் அடியில் ஒரு களவு இருந்திருக்கின்றது. அதனைத் திருத்த அரசனும், ஏழையும், பெண்களும், அயல்நாட்டு இளவரசியும், டிராகன் குலத்தவரும் ஒன்றுகூடித் தீர்மானிக்கின்றனர்.

இப்போது முழுப்பாதையையும் நோக்குவோம். 1968இல் ஒருவன் தனியே படகிற் செல்கிறான். 1971இல் இருவர் இருளிலிருந்து வெளியேறுகின்றனர். 1972இல் ஓர் அரசன் முடிசூடுகிறான். 1990இல் அதிகாரமற்ற மூவர் ஒரு குடிசையில் வாழ்கின்றனர். 2001இற் பலர் கூடிப் பழைய தவறொன்றைத் திருத்துகின்றனர். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓர் எழுத்தாளர் தனிமனித வீரத்திலிருந்து கூட்டுப் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். அவர் தம் பழைய உலகை எரித்துவிட்டு வேறொன்றைக் கட்டவில்லை. முன் எழுதிய வரிகளை மாற்றாமலே, அவற்றின் கீழ் மறைந்திருந்தவற்றைத் தோண்டி எடுத்தார். எழுத்தாளரின் வளர்ச்சி என நாம் கொள்வது இதனையே. நூல்களின் தொகையும் நடையின் மெருகும் இதற்கு அடுத்தபடியானவை.

எர்த்சீயை முடித்த பின்னரும் அவர் இளையோருக்கு எழுதுவதைக் கைவிடவில்லை. 'கொடைகள்' (2004), 'குரல்கள்' (2006), 'ஆற்றல்கள்' (2007) என்னும் மூன்று நாவல்களும் அவரது முதுமையின் விளைச்சல்கள். 'குரல்கள்' கூறுவது ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நகரத்தின் கதை. எழுத்தைப் பேயின் வேலையெனக் கருதும் படையினர் நூல்களை அழித்தனர், வாசிப்போரைத் தண்டித்தனர். அழிவிலிருந்து காக்கப்பட்ட நூல்கள் ஒரு வீட்டின் மறைவான அறையில் இருக்கின்றன. மெமெர் என்ற சிறுமி அங்கே வாசிக்கக் கற்கிறாள். ஆக்கிரமிப்புப் படையினன் ஒருவனின் வன்செயலாற் பிறந்தவள் அவள். தான் வெறுக்கும் பகைவனின் இரத்தம் தன் உடலிலும் ஓடுவதை அறிந்தவள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைவிற் கொண்டிருக்கும் நம் வாசகருக்கு இந்நாவல் தூரத்துத் தீவின் கதையாகத் தோன்றாது. ஆயினும் ஆசிரியை பழிவாங்கும் மகிழ்ச்சியை நமக்குத் தரவில்லை. விடுதலை, கொலையால் மட்டுமன்றிப் பேச்சாலும் உடன்பாட்டாலும் வருகின்றது. அது மெமெருக்கும் நமக்கும் கசப்பும் கலந்ததாகவே அமைகின்றது.

'ஆற்றல்கள்' அடிமை ஒருவனின் கதை. கவிர் என்னும் சிறுவனுக்கு எசமான் வீட்டிற் கல்வி கிடைக்கின்றது. தன் எசமானர் நல்லவர் என முழு மனத்தோடு நம்புகிறான். தமக்கை அவ்வீட்டாரின் களியாட்டத்துக்குப் பலியானபோதே அந்நம்பிக்கை உடைகின்றது. தப்பி ஓடி, விடுதலை பெற்ற அடிமைகள் காட்டில் அமைத்த நகரத்தை அடைகிறான். அங்கேயும் பெண்கள் அடிமைகளாகவே இருப்பதைக் காண்கிறான். அடிமைத்தனம் சங்கிலியில் மட்டுமன்று, நன்றியுணர்விலும் பழக்கத்திலும் வாழ்கின்றது என்பதை இளைஞருக்கு விளங்கும் எளிமையில் இந்நாவல் எடுத்துரைக்கின்றது.

அண்மைக் காலத்தில் வெளிவந்த பிறர் நூல்களையும் இவ்வளவுகோலால் நோக்கலாம். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த நெடி ஒக்கோரபோர், 2011இல் 'அக்காட்டா விச்' என்ற நாவலை எழுதினார். தோல்நிறம் அற்றுப் பிறந்த சனி என்னும் சிறுமி, அமெரிக்காவிலிருந்து நைஜீரியாவுக்கு வந்து, இரு நாட்டிலும் அந்நியளாக நின்று, மந்திரம் வல்லோரின் சமுதாயத்திற் சேர்கிறாள். அச்சமுதாயத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் அவர் முன் நாணயம் விழும். அறிவே அங்கு செல்வம். வேடிக்கையாகத் தோன்றும் இவ்வொரு கற்பனை, செல்வம் எதனால் வரவேண்டும் என்ற வினாவை வாசகனிடம் விட்டுச் செல்கின்றது. ஐரோப்பியக் கோட்டைகளை இரவல் வாங்காது மேற்காபிரிக்க நம்பிக்கைகளிலிருந்தே தம் உலகை அவர் கட்டியமை பாராட்டத்தக்கது.

நைஜீரியப் பின்னணியுடைய மற்றொரு அமெரிக்கர் ரொமி அடேயெமி. அமெரிக்காவிற் கறுப்பின மக்கள் பொலிசாராற் சுடப்பட்ட செய்திகளே தம்மை எழுதத் தூண்டின என்று அவர் கூறியுள்ளார். 2018இல் வெளிவந்த 'குருதியும் எலும்பும் தந்த பிள்ளைகள்' என்னும் நாவலில், மந்திரம் அழிக்கப்பட்டு, அதனை உடையோர் கொல்லப்பட்ட ஒரு நாட்டில், தாயை இழந்த செலி போராடுகிறாள். ஒடுக்கப்பட்டோரின் கோபம் அதில் உண்மையாக ஒலிக்கின்றது. ஆனால் துரத்தல், தப்பித்தல், மோதல் என்னும் ஓட்டம் அந்நாட்டு மக்கள் எவ்வாறு உழைத்து உண்டு வாழ்கின்றனர் என நின்று பார்க்க வாசகனுக்கு அவகாசம் தருவதில்லை. பெரும் வெற்றி பெற்ற அந்நூலைத் தொடர்ந்து 2019இலும் 2024இலும் வந்த பாகங்களோடு முப்பாகக் கதை முடிந்தது. இளம் ஆசிரியை ஒருவரின் இறுதி மதிப்பீட்டை இப்போதே எழுதுவது நியாயமன்று. லெ குவின் அம்மையாரும் 1972இல் நின்றிருந்தால் அரசனை முடிசூட்டியவராகவே நின்றிருப்பார். அவருக்குக் கிடைத்த பதினெட்டு ஆண்டு மௌனத்தை இன்றைய பதிப்புலகம் இளம் எழுத்தாளருக்கு அனுமதிக்குமா என்பதே நம் கவலை.

இக்கவலை அவருக்கும் இருந்தது. 2014இல் தேசிய நூற் பரிசு விழாவிற் சிறப்புப் பதக்கம் பெற்று உரையாற்றியபோது, நூலைச் சந்தைப் பண்டமாக மட்டும் காண்பதை அவர் பதிப்பாளர் முன்னிலையிலேயே கண்டித்தார். முதலாளித்துவத்தின் பிடியிலிருந்து மீள்வது இயலாதது போலத் தோன்றலாம். அரசரின் தெய்வீக உரிமையும் ஒருகாலத்தில் அவ்வாறே தோன்றிற்று என்ற கருத்தை அங்கு வெளியிட்டார். தம் கதையில் அரசனை அரியணையில் ஏற்றிய அதே எழுத்தாளர், எண்பத்தைந்தாம் வயதில், அரசரின் உரிமையையே நிலையாமைக்கு உதாரணம் காட்டினார்.

ஆகவே, மாயப் புனைகதை வாழ்விலிருந்து தப்பியோடும் வழியா என்னும் கேள்விக்கு வடிவத்தை மட்டும் பார்த்து விடை கூறல் இயலாது. யதார்த்தப் பாணியிற் பொய்யுரைக்கும் நாவல்களும் உண்டு. டிராகனின் துணையோடு உண்மை பேசும் நாவல்களும் உண்டு. அந்த உலகில் உழைப்பவர் யார், உண்பவர் யார், பேச உரிமையுடையவர் யார், முடிவில் யாருடைய நிலை மாறுகின்றது என்பவையே நாம் கேட்கவேண்டியவை. இவ்வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை நம் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் இளைஞரிடத்து வளர்த்தல் வேண்டும். இத்தகைய நூல்களுட் சிறந்தவற்றைத் தமிழிற் பெயர்ப்பதும், அவற்றைப் பற்றித் தயக்கமின்றி விவாதிப்பதும் அதற்கு முதற்படியாகும். நம் பிள்ளைகள் அக்கதைகளை எவ்வாறாயினும் வாசிக்கத்தான் போகின்றனர். அவர்களோடு சேர்ந்து வாசித்து, வினவி, மதிப்பிடும் கடமை விமர்சகரைச் சார்ந்தது.